கதவு திறந்த அலமாரியின் கொள்ளளவு

புதுக்கரையில அலமாரிக் கதவைச் சாத்தாம நாங்க வாழ்ந்த காலம்னு ஒண்ணு இருந்துச்சு. அந்தக் காலத்துல, தெறந்து வச்ச ரெண்டு கதவுக்கும் நடுவுல இருக்கிற வெறுங்காத்துல எதை வச்சாலும் அது வச்ச எடத்துலயே நின்னுச்சு. குடத்தை வச்சா குடம் நின்னுச்சு, கருவாட்டுக் கூடையை வச்சா கூடை நின்னுச்சு, செபமாலையைக் கையில இருந்து சும்மா விட்டா விட்ட கோலத்துலயே செபமாலையும் நின்னுச்சு, கடைசியில ஒரு மனுஷனே நின்னாரு. நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க உங்க வீட்டு அலமாரியை நல்லா இழுத்துச் சாத்திட்டுப் படுங்க, எனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகாது. நான் கருவாட்டு ரொசாலி. தூத்துக்குடிச் சந்தையில என் பேரைச் சொன்னா கைகாட்டி விடுவாங்க, பொய் சொல்லி எனக்கு ஆகவேண்டியது எதுவுமில்ல.

எங்க பழைய கடப்புறத்தைக் கடல் கொஞ்சங் கொஞ்சமா அரிச்சுத் தின்னதும், அரசாங்கம் உள்ள தள்ளி எங்களுக்கு அடுக்குமாடி கட்டிக் குடுத்துச்சு, அதுதான் புதுக்கரை. அந்த வீடுகளுக்குப் படம் போட்டது டவுன்ல ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசு, அந்த ஆபீசுல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து வரைஞ்சது என் மக ஸ்டெனிலா. பாலிடெக்னிக் முடிச்சவ, வாயத் தெறக்காத பிள்ள, என் வயித்துல அப்படி ஒரு அமைதி எப்படித்தான் பெறந்துச்சோ. அவ சொன்னதுல எனக்கு வெளங்கின மட்டுக்கும் சொல்லுதேன். வீட்டைப் படமா வரைஞ்சுட்டா, அதுல எத்தனை கதவு, எத்தனை சன்னல், எத்தனை அலமாரி, எது என்ன நீளம், என்ன ஆழம்னு கம்ப்யூட்டரே எண்ணி ஒரு பட்டியல் போட்டுக் குடுக்குமாம், அதுக்கு ஷெட்யூல்னு பேராம். அந்த ஷெட்யூல்ல அலமாரிக்கு மட்டும் கொள்ளளவுன்னு ஒரு கட்டம் தனியா வேணும்னு மேலிடத்துல கேட்டிருந்தாங்க. வீடு சின்னதா இருந்தாலும் சாமான் வைக்க ஒன்றரை கன மீட்டராவது எடம் இருக்கணும், இல்லைன்னா அனுமதி கிடையாதுன்னு விதி. அந்தக் கட்டம் தானா நெறையாது, அகலத்தை ஆழத்தால பெருக்கு, வந்ததை உயரத்தால பெருக்குன்னு நாமதான் எழுதிக் குடுக்கணும். என் மக எழுதிக் குடுத்தா, பெருக்கல்ல ஒரு தப்பும் இல்ல.

தப்பு எங்கன்னா, அவ அலமாரியைக் கதவு தெறந்தபடி வரைஞ்சிருந்தா. எங்க கடப்புறத்துல பெறந்த எவளும் அப்படித்தான் வரைவா. உப்புக்காத்துல பலகை ஊதிப்போயி எங்க எந்த வீட்டு அலமாரியும் சாத்தாது, புதுசா வாங்கினா மொத மழைவரைக்கும் சாத்தும், அதுக்கப்புறம் கதவு ரெண்டும் கையை விரிச்சுக்கிட்டு நிக்கும். அலமாரிக்குக் கதவு எதுக்குன்னு எங்களைக் கேட்டா, ஈரத்துணி போடன்னு சொல்லுவோம். மூடின அலமாரியை ஸ்டெனிலா சின்னதுல இருந்து கண்டதே இல்ல. கம்ப்யூட்டருக்கு நம்ம பாடு என்ன தெரியும், பின்பலகையில இருந்து தெறந்த கதவோட நுனிவரைக்கும் எல்லாமே அலமாரிதான்னு அது எடுத்துக்கிடுச்சு. ஆழம் சரியா ரெண்டு மடங்காச்சு, ஒரு கன மீட்டர்கூடத் தேறாத அலமாரி ஒண்ணே முக்காலை எட்டித் தொட்டுச்சு, விதி நெறைஞ்சுச்சு, கையெழுத்தாச்சு, கொத்தனாரும் ஆசாரியும் வந்து வேலையை முடிச்சாங்க. முடிச்சு எங்க கையில சாவியைக் குடுத்தப்போ, ஷெட்யூல்ல எழுதியிருந்த கொள்ளளவு ஒரு பிடி கொறையாம வீட்டுக்குள்ள இருந்துச்சு. விஷயம் அவ்வளவுதான்.

மொதல்ல பாத்தது நான்தான். குடிவந்த அன்னைக்குக் கை நெறைய சாமானோட வந்தவ, தட்டு இருக்குன்னு நெனைச்சு நெத்திலிக் கூடையைப் பாக்காமலே அலமாரிக்கு முன்னால வச்சுட்டேன். கூடை இடுப்பு ஒசரத்துல காத்துல உக்காந்துச்சு. நான் கூடையைப் பாத்தேன், அதுக்கடியில குனிஞ்சு பாத்தேன், தரை தெரிஞ்சுச்சு. கீழ வண்டிக்காரன் வேற சத்தம் போட்டுக்கிட்டு இருந்தான், சரி அப்புறம் பாப்போம்னு அடுத்த கூடையை எடுக்கப் போயிட்டேன்.

சாயங்காலத்துக்குள்ள எல்லா மாடியிலயும் தெரிஞ்சுபோச்சு, ஒரு வாரத்துக்குள்ள அதுக்கு ஒரு நடைமுறையும் வந்துபோச்சு. கதவு நுனிக்கு ஒரு விரக்கடை வெளிய போனா சாமான் விழும். ஒரு கதவைச் சாத்தினா அந்தப் பக்கத்துப் பாதி மட்டும் விழும். தண்ணிகூட விழாது, மூணாம் மாடியில ஒருத்தி செம்புத் தண்ணியைக் கவுத்துப் பாத்தா, தண்ணி சொட்டாம உருண்டையா நின்னு ஆடுச்சு, அவ பிள்ளைக வட்டமா உக்காந்து பொழுதன்னைக்கும் அதையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சுக, பரீட்சை நேரம்னு அவ முதுகுல ஒண்ணு வச்சுத்தான் எழுப்புனா. என் கருவாட்டு வாசம் இருக்கே, அதுகூட ரெண்டு கதவுக்குள்ளயே அடங்கி நின்னுச்சு. எதிர்வீட்டுக்காரி வந்து என் கையைப் பிடிச்சு நன்றி சொல்லிட்டுப் போனா. மீட்டர் பாக்க வந்த கரண்ட் ஆபீசு ஆளு தோள்பையை அதுல விட்டுட்டுக் கணக்கெழுதுவான். மாப்பிள்ளைக்குப் புதுக்கரையில வீடுன்னு சொன்னா பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு படி எறங்கி வந்து பேசுனாங்க. வீடு மந்திரிக்க வந்த பங்குச்சாமி தீர்த்தச் செம்பைக் காத்துல வச்சுட்டு, டீயைக் குடிச்சு முடிக்கிறவரைக்கும் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. இதை அற்புதம், புதுமைன்னு மேல ஆயருக்கு எழுதினா விசாரிக்க ஆளு மேல ஆளா வருவாங்க, நீங்க பாட்டுக்குச் சட்டிபானை வச்சுப் பொழங்குறீங்க, பொழங்கிட்டே இருங்கன்னு சொல்லிட்டுச் செம்பை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

ஆனா கஸ்பார் அண்ணன் நின்னதைச் சட்டிபானைக் கணக்குல சேக்க முடியாது.

கஸ்பார் அண்ணன் சங்கு குளிக்கிறவரு. ஒருநாள் ஆழத்துல மூச்சு முட்டி, நிதானிக்காம மேல வந்துட்டாரு, நாளெல்லாம் திரும்பத் திரும்ப முங்கிட்டு அப்படி வந்தா ரத்தத்துல காத்துப் பிடிச்சுக்கிடும். வள்ளத்துல தூக்கிப் போட்டப்போ இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. அதுல இருந்து படுக்கைதான். கால் வராதவருன்னு கீழ்வீட்டை ஒதுக்கிக் குடுத்திருந்தாங்க. அவரு பொண்டாட்டி விண்ணரசி அவரைப் புரட்டிப் புரட்டிப் போட்டும் முதுகெல்லாம் புண்ணு. கடல் பேரையே அவ எடுக்கிறதில்ல. அவிய காலைக் குடுத்து அவியளை வாங்கிக்கிட்டேன், அதுக்கும் எனக்கும் தீந்துபோச்சுன்னு சொல்லுவா. அன்னையில இருந்து கடப்புறத்துல கால் வைக்கல, அந்த வீட்டுல கடல் பக்கத்துச் சன்னலைத் தெறக்கவும் விடல.

குடம் நிக்குது, கூடை நிக்குது, அவிய நிக்க மாட்டாவளான்னு விண்ணரசிதான் ஒருநாள் என்கிட்ட வந்து கேட்டா. நானும் அவளும் இன்னும் ரெண்டு பொம்பளைகளுமாத் தூக்கி, அவரை அலமாரிக்கு முன்னால கொண்டுபோயி, நிமித்திப் பிடிச்சோம். மெதுவா ஒவ்வொருத்தியா கையை எடுத்தோம். கடைசியா விண்ணரசி எடுத்தா.

அவரு நின்னாரு. பாதம் தரையில இருந்து ஒரு சாண் மேல, வெரலெல்லாம் தளர்வாத் தொங்க, தோள் ரெண்டும் தெறந்த கதவுகளுக்கு நடுவுல, தண்ணிக்குள்ள எறங்கின ஆளு மாதிரி லேசா முன்னும் பின்னும் அசைஞ்சுக்கிட்டு நின்னாரு. பூசையோட நடுப்பகுதியில மணி அடிக்கும்போது எல்லாரும் எப்படி அடங்கிப்போவோம், அப்படி அடங்கிப்போயி நின்னோம். ரொம்ப நேரம் கழிச்சு அவரு குனிஞ்சு விண்ணரசி தலையைப் பாத்தாரு. இத்தனை வருஷமாப் படுக்கையில இருந்து அவ மோவாயையும் மூக்குத் துவாரத்தையுமே பாத்துக்கிட்டுக் கெடந்த மனுஷன், "விண்ணு, ஒனக்கு உச்சியெல்லாம் நரைச்சுப்போச்சே"ன்னாரு. அவ்வளவுதான், அவ முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. நான் அழுதேன், எனக்கென்ன வெக்கம், எல்லாரும்தான் அழுதோம்.

அதுக்கப்புறம் விடிஞ்சா அவரை நிப்பாட்டுறதும் பொழுது அடைஞ்சா படுக்க வைக்கிறதும் அந்த வீட்டு வழக்கமாச்சு. புண்ணு காஞ்சுச்சு, முகத்துல ரத்தம் ஊறுச்சு, நின்னபடியே சவரம் பண்ணினாரு, நின்னபடியே ரேடியோ கேட்டாரு, தெருவுல போறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வம்பளந்தாரு. புதுசாக் கல்யாணமானதுக ஜோடியா வந்து அவரைப் பாத்துட்டுப் போச்சுக. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, சிரிப்பாரு. ஆனா அந்த வாசல்ல வந்து நின்ன எவருக்கும், எவ்வளவு வாயாடியா இருந்தாலும், கொரல் தானா எறங்கிப்போச்சு, நான் உட்பட.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் முன்மதியத்துல, நான் அடுப்புல உலையை வச்சுட்டுத் திரும்புறேன், வீட்டுல இருந்த அத்தனை கூடையும் ஒரே நேரத்துல தரையில விழுந்துச்சு. என் வீட்டுல மட்டுமில்ல. நாலு மாடியிலயும் குடமும் சட்டியும் இரும்புப்பெட்டியும் மாதா சுரூபமும் ஒண்ணா விழுந்த சத்தத்துல கட்டடமே உலுங்குச்சு, காக்கா எல்லாம் எழும்பிப் பறந்துச்சு. நான் கூடையைப் பாக்கல, படியில விழுந்தடிச்சு எறங்கிக் கீழ்வீட்டுக்கு ஓடினேன். கஸ்பார் அண்ணன் குப்புறக் கெடந்தாரு. மோவாய் கிழிஞ்சு ரத்தம், விண்ணரசி அவரு தலையை மடியில எடுத்து வச்சுக்கிட்டு என்னையே பாத்தா. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும், அலமாரியை வரைஞ்சவ என் மகதானே. நான் ஸ்டெனிலாவுக்குப் போன் போட்டேன்.

நடந்தது இதுதான். எங்களை மாதிரியே கடலுக்கு வீட்டைக் குடுத்துட்டு, கரையோரத்துல தகரக் கொட்டகைகள்ல இன்னும் பாதிச் சனம் கெடந்துச்சு, என் தங்கச்சி மெட்டில்டாவும் அதுல ஒருத்தி. அவங்களுக்கு ரெண்டாவது கட்டடம் எழும்பணும். அதே படம், அதே அலமாரி. மெட்ராஸ்ல இருந்து சரிபாக்க வந்த நீலமேகம்னு ஒரு இன்ஜினியர் ஷெட்யூலைப் பாத்துட்டு, இந்தச் சின்ன அலமாரிக்கு எப்படிம்மா இவ்வளவு ஆழம்னு கேட்டிருக்காரு. ஸ்டெனிலா அப்பத்தான் அதைக் கவனிச்சிருக்கா. அவரு கண்ணு முன்னாலயே படத்துல கதவைச் சாத்திக் காட்டியிருக்கா. ஒரு அலமாரிக்கு வரைஞ்சதுதான் ரெண்டு கட்டடத்துல எல்லா வீட்டுக்கும், ஒண்ணுல சாத்தினா எல்லாத்துலயும் சாத்தும். ஷெட்யூல்ல அத்தனை கட்டமும் மளமளன்னு பாதியாக் கொறைஞ்சிருக்கு. நான் போன்ல விஷயத்தைச் சொன்னதும் அவ பதறிப்போயி, செஞ்சதை இல்லாமப் பண்ணுற பொத்தானை அழுத்தினா. காத்துக்குத் திரும்ப உயிர் வந்துச்சு. விழுந்ததெல்லாம் விழுந்தபடிதான் கெடந்துச்சு, மறுபடி எடுத்து வச்சா நின்னுச்சு. கஸ்பார் அண்ணனுக்கு மோவாயில தையல் போட்டோம்.

அன்னைக்குச் சாயங்காலம் ஸ்டெனிலா பஸ்ஸை விட்டு எறங்கி வீட்டுக்கு வராம நேரா அவரு வீட்டுக்குத்தான் போனா. வாசல்ல நின்னு அழுதா. அவரு அவளை உள்ள கூப்பிட்டு, நீ வரைஞ்சதுலதானே நான் நிக்கேன், நீ எதுக்கு அழுதன்னு கேட்டாராம்.

நீலமேகம் சார் கெட்டவரு இல்ல, அதை இங்கயே சொல்லிடணும். மறுநாளே புதுக்கரைக்கு வந்தாரு. என் வீட்டு அலமாரிக்கு முன்னால நின்னு சட்டைப்பையில இருந்த பேனாவைக் காத்துல விட்டாரு, பேனா நின்னுச்சு. கண்ணாடியைக் கழத்தித் தொடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பாத்தாரு, பேனாவைச் சுத்தி நாலு பக்கமும் கையை வீசிப் பாத்தாரு, அப்புறம் தரையில உக்காந்துட்டாரு, நான் தண்ணி குடுத்தேன். கீழ்வீட்டுக்கும் கூட்டிட்டுப் போனேன். அங்க அவரு செருப்பை வாசல்ல கழத்திட்டுத்தான் உள்ள வந்தாரு, ஏன் கழத்துனோம்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது. வெளிய வந்ததும் எங்க எல்லாத்தையும் பாத்து, "நிக்குதும்மா, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா கதவுக்கு வெளிய இருக்கிறதை அலமாரின்னு என்னால எழுத முடியாது. தப்பா இருக்கிற ஷெட்யூலோட ரெண்டாவது கட்டடத்துக்கு அனுமதி வராது. இந்த மாசத்தைத் தாண்டினா திட்டமே திரும்பிப் போயிரும்"னாரு. சரியான அளவைக் குடுத்தா எடம் பத்தாதுன்னு தெரியும், அதுக்கு ஈடா ரெண்டு கட்டடத்துலயும் வீட்டுக்கு வீடு கான்கிரீட்டுல பரண் போட்டுத் தர வைக்கிறேன், அது என் பொறுப்புன்னும் சொன்னாரு. கொட்டகைச் சனம் பின்னாலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. வாடைக்காத்து தொடங்க இருந்த நேரம். போன வாடையில கொட்டகைக்குள்ள கடல்தண்ணி ஏறி, மெட்டில்டா தன் கைப்பிள்ளையைக் குழம்புச் சட்டியில வச்சுத் தலைமேல தூக்கிக்கிட்டு விடியிறவரைக்கும் நின்னவ.

அன்னைக்குத் தண்ணித்தொட்டிக்குக் கீழ கூடிப் பேசினோம். சட்டிபானையைப் பத்தி ஒருத்தரும் வாயைத் தெறக்கல, பரண் வந்தாப் போதும்னு எல்லாருக்கும் தெரியும். கஸ்பார் அண்ணனைப் பத்தித்தான் பேச்சு. மெட்டில்டாவே எழுந்து, அவரை விழத்தாட்டிட்டு எனக்கு வீடு வேண்டாம்னு சொன்னா. சொல்லிட்டு இடுப்புப்பிள்ளையை இறுக்கிக்கிட்டா. அப்பத்தான் ஸ்டெனிலா வாயத் தெறந்தா. அவரு வீட்டு அலமாரியை மட்டும் தனி வகையாப் பிரிச்சு, அதுக்கு மட்டும் பழைய ஆழத்தையே போட்டுரலாம், அத்தனை வரிக்கு நடுவுல ஒரு வரி, யாரு கண்ணுலயும் படாதுன்னா. தப்புன்னு அவளுக்குத் தெரியும், குனிஞ்சுக்கிட்டேதான் சொன்னா. எங்களுக்கு அந்த நேரத்துல அது தேவவாக்கா இருந்துச்சு. எல்லாரும் எழுந்து சந்தோசமாக் கீழ்வீட்டுக்குப் போனோம்.

கஸ்பார் அண்ணன் நின்னபடி எல்லாத்தையும் கேட்டாரு. எங்க ஆளுக ஆழத்தைப் பாகத்துலதான் சொல்லுவோம், ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம். "என் காலு எப்படிப் போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாது"ன்னு அவரு தொடங்கினாரு. "நான் யாருக்கிட்டயும் சொல்லல. வள்ளத்துக்காரன் கயிறு விட்டுப் பாத்துட்டு எட்டுப் பாகம்னான். கூடச் சொன்னா நான் எறங்க மாட்டேன்னு கொறைச்சுச் சொன்னான். நான் அதை நம்பி எட்டுப் பாகத்துக்குத்தான் மூச்சை வச்சிருந்தேன், தரை வரவே இல்ல." அப்படிச் சொல்லிட்டு ஸ்டெனிலாவைப் பாத்தாரு. "ஆழத்தைப் பொய்யா எழுதாத மக்ளே. எனக்காக எழுதாத."

விண்ணரசிதான் பேசினா, பேசினான்னா, கத்தினா. நாலு வருஷம் நான் ஒங்க புண்ணைக் கழுவினேன், இப்பத்தான் ஒங்களை நிமுந்து பாக்கேன், மறுபடி படுக்கையில போடச் சொல்லுதீங்களான்னு கேட்டா. அவரு பதிலுக்குக் கோவப்படல. "விழாத எடம் இன்னொண்ணு எனக்குத் தெரியும் விண்ணு. ஒனக்கும் தெரியும்"னு மட்டும் சொன்னாரு. அவ முகம் கறுத்துப்போச்சு. எங்களை வெளிய போகச் சொல்லிட்டா.

ரெண்டு நாளா அந்த வீட்டுல பேச்சுச் சத்தமே இல்ல. அலமாரிக்கு முன்னால அவரு நிக்காரு, எதுத்தாப்புல அவ தரையில உக்காந்திருக்கா, அடுப்பு எரியுது, சோறு வேகுது. மாசக் கடைசிக்கு முந்தின நாள் விண்ணரசி என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. முகமெல்லாம் வீங்கியிருந்துச்சு. ரொசாலி, நாளைக்குக் காலையில அலமாரியைத் தூக்க ஆளு வேணும், அவிய நின்ன கோலத்துலயே வரணும், படுத்துக்கிட்டுப் போக விடமாட்டேன்னா. எங்கன்னு நான் கேக்கல.

விடிஞ்சதும் புதுக்கரையில அத்தனை வீட்டுலயும் காத்துல இருந்த சாமானை எறக்கித் தரையில வச்சோம். மறுபடி கவுத்து வச்சிருந்த தண்ணி உருண்டையை மூணாம் மாடிக்காரி பிள்ளைக செம்புல பத்திரமாப் பிடிச்சுக்கிட்டு வந்துச்சுக. அலமாரியைச் செவுத்துல இருந்து ஆணி கழத்தி, மூங்கில் கட்டி, மாதா திருநாளைக்குச் சப்பரம் தூக்குற ஆளுகளே தோள் குடுத்தாங்க. முன்தண்டுல மெட்டில்டா புருஷனும் கொட்டகைக்காரங்களும். கதவு ரெண்டும் காத்துல அடைச்சுக்கிடாம இருக்க ரெண்டு பேரு பக்கத்துக்கு ஒருத்தரா பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க. அலமாரி அசைஞ்சு கிளம்புச்சு, அதுக்கு முன்னால இருந்த காத்தும் கிளம்புச்சு, அந்தக் காத்துல நின்ன கஸ்பார் அண்ணனும் வாசலைத் தாண்டி வெயிலுக்குள்ள வந்தாரு.

அவரை அப்படிப் பாத்த எவரும் அதை மறக்கப் போறதில்ல. வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, எங்க எல்லாத்துக்கும் தலைக்கு மேல, ஒண்ணையும் பிடிக்காம, ஒண்ணுலயும் சாயாம, நேரா நின்னபடி அந்த மனுஷன் தெருவுல வந்தாரு. ரோட்டுல பஸ்சு நின்னுச்சு, டிரைவர் எறங்கி வந்து வண்டியோரமா நின்னாரு. உப்பளத்துல வேலை பாத்துக்கிட்டு இருந்த பொம்பளைக உப்பு வாருற பலகையைப் போட்டுட்டு வரப்புல வரிசையா வந்து நின்னாங்க. வாயை மூடிக்கிட்டுச் சும்மா நடக்க எங்களுக்குக் கூசிப்போச்சு, யாரோ பிரார்த்தனையைத் தொடங்கினாங்க, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்னு நாங்க பதில் சொல்லிக்கிட்டே போனோம், வழியில கோயில்ல இருந்து வெளிய வந்த பங்குச்சாமி முன்னால வர்றதா பின்னால வர்றதான்னு தெரியாமக் கொஞ்சம் முழிச்சுட்டு, கடைசியில பிள்ளைகளோட பிள்ளைகளாப் பின்னால வந்தாரு. விண்ணரசி அலமாரிக்குப் பக்கத்துலயே, அவரு பாதத்துல கையை வச்சபடி, தரையைப் பாத்து நடந்தா. மணல் வந்ததும் ஒரு நிமிசம் நின்னா. நாங்க எல்லாரும் நின்னோம். அப்புறம் செருப்பைக் கழத்திப் போட்டுட்டு நடந்தா.

கடல் அமைதியாத்தான் கெடந்துச்சு. தூக்கினவங்க முழங்காலுக்கு எறங்கி, இடுப்புக்கு எறங்கி, நெஞ்சுக்கு எறங்கினாங்க; கஸ்பார் அண்ணன் பாதம் நனைஞ்சுச்சு, தொடை நனைஞ்சுச்சு, இடுப்பு நனைஞ்சுச்சு, தண்ணி வயித்தைத் தொட்ட எடத்துல அவருக்கு உடம்பு சிலிர்த்ததை நான் பாத்தேன். விண்ணரசி கழுத்தளவு தண்ணியில நின்னு ரெண்டு கையாலயும் அவரு கக்கத்தைப் பிடிச்சிருந்தா. நான் போனைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஆபீசுல ஸ்டெனிலா கம்ப்யூட்டர் முன்னால, நீலமேகம் சாரு அவளுக்குப் பின்னால.

"அம்மா, சாத்தட்டுமா?"ன்னு கேட்டா என் மக. பதில் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு, போனை விண்ணரசி காதுகிட்ட கொண்டுபோனேன்.

விண்ணரசி அவரு முகத்தைப் பாத்தா. அவரு கடலைப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"சாத்து மக்ளே"ன்னா.

தூக்கினவங்க தோள்ல சட்டுன்னு பாரம் கொறைஞ்சு, அலமாரி ஒரு பக்கமாச் சாய்ஞ்சுச்சு, அது இப்போ வெறும் அலமாரி. கஸ்பார் அண்ணன் கழுத்துவரைக்கும் அமுங்கினாரு. விண்ணரசி கண்ணை இறுக்க மூடிக்கிட்டா, மூடிக்கிட்டே கையை எடுத்தா, மொதல்ல ஒண்ணு, அப்புறம் மத்தது.

அவரு அதுக்கு மேல அமுங்கல. கை ரெண்டையும் தண்ணிக்குள்ள மெல்ல விரிச்சுக்கிட்டு, நாங்க எல்லாம் பாத்துக்கிட்டு இருக்க, நின்னாரு. ஒரு பெரிய மூச்சு இழுத்தாரு. விண்ணரசி கண்ணைத் தெறந்தப்போ எதுத்தாப்புல ஆளு இல்ல, தண்ணி மட்டும் வட்டம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அவ கத்தல. கரையில நின்ன சனம், கடல்ல நின்ன சனம், பங்குச்சாமி, கைப்பிள்ளைக்காரிக, நாங்க அத்தனை பேரும் அவரோட சேந்து மூச்சை அடக்கிக்கிட்டு நின்னோம், ஒவ்வொருத்தரா முடியாம விட்டோம், நானும் விட்டுட்டேன், விண்ணரசி மட்டும் விடல. அவ நெஞ்சு எம்பி நின்னபடியே இருந்துச்சு. அப்பத்தான் நாலு கை தூரத்துல தலை வந்துச்சு. முடியைச் சிலுப்பிக்கிட்டு, தண்ணியைத் துப்பிட்டு, தொழிலுக்குப் போயி வெறுங்கையோட வந்த ஆளு சலிச்சுக்கிற மாதிரியே, "ஒரே கலங்கல் விண்ணு, என் கை எனக்கே தெரியல"ன்னாரு.

விண்ணரசி மூச்சை விட்டா.

"நாளைக்குத் தெளிஞ்சிரும்"ன்னா.